எர்லீன் சொல்லவில்லை

ஏப்ரல் 10, 2012. செவ்வாய்

முழங்காலுக்கு ஊசி போட்டார்கள். டாக்டர் சின்னப் பெண். "நீங்க அந்தக் காலத்துல பெரிய ஓட்டக்காரியாமே" என்றாள். ஆமாம் என்றேன். "ஒடெஸ்ஸா பிரூயிட்கூட ஓடினீங்களா?" அதற்கும் ஆமாம். எழுபத்தொரு வயதில் என்னைப் பற்றி யாராவது கேட்டால் இரண்டாவது கேள்வி அவளைப் பற்றித்தான் இருக்கும். பழகிவிட்டது.

மத்தியானம் ரோஷெல் ஃபோன் செய்தாள். ஒடெஸ்ஸாவின் மகள். ஜனவரியில் அம்மா போனதிலிருந்து குடியிருப்போர் சங்கத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். நகராட்சி ஒத்துக்கொண்டுவிட்டதாம்: ஃபோர்ஜ் ஹில் மைதானத்துக்கு இனி ஒடெஸ்ஸா பெயர். ஜூன் பதினாறு விழா.

"சித்தி, நீங்கதான் பேசணும். அந்த ரிலே டீம்ல மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தானே."

நான் ஒருத்திதானா? நாலு பேரில் ஜூவல் போய் இருபது வருஷம். எர்லீன் இருக்கிறாள். நாலு தெரு தள்ளி, உயிரோடு இருக்கிறாள். நான் திருத்தவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 12

நாள் முழுக்க மழை. ஏரிக் காற்று வேறு. எங்கும் போகவில்லை.

ஏப்ரல் 15. ஞாயிறு

சர்ச்சில் பாஸ்டர் மைதானத்தின் பெயரை அறிவித்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். "முதல் கறுப்பினப் பெண்ணாக இந்த மாநிலத்திலிருந்து தேசிய அணிக்குப் போனவர். அதையும் தூக்கி எறிந்துவிட்டு நம் வீடுகளுக்காக ஒன்பது தடவை ஜெயிலுக்குப் போனவர்." நாங்களும் ஆமென் ஆமென் என்று சொன்னோம்.

நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசை, தூண் ஓரம். எர்லீனும் நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். "காலை வணக்கம் சிஸ்டர்" என்பதற்கு மேல் யாரும் அவளிடம் பேசுவதில்லை. காரணமே தெரியாத சின்னப் பெண்கள்கூட அப்படித்தான். அம்மாக்கள் செய்வதைப் பார்த்துப் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது.

ஏப்ரல் 19. வியாழன்

ரோஷெல் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். விழாவுக்கு ஒரு சிறு புத்தகம் போடுகிறார்களாம். ஒடெஸ்ஸாவின் பழைய தாள்களிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். 1961-ஐப் பற்றி ஒடெஸ்ஸா எழுதியது. அவள் எழுதியிருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது.

"நாங்கள் நால்வரும் சத்தியம் செய்திருந்தோம். எங்களில் ஒருத்தி மறுநாள் காலையிலேயே எங்களைக் காட்டிக் கொடுத்துவிட்டாள். அவள் பெயர் எர்லீன் ஸ்டோவல்."

"இதை அப்படியே போடப் போறேன்" என்றாள் ரோஷெல். "பேரோட. அம்மா ஒரு நாளும் வெளியில சொல்லல. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும், அது வேற. ஆனா எழுத்துல வரணும் சித்தி. அவ என்ன பண்ணினான்னு அவ பேரப் பிள்ளைங்களும் படிக்கட்டும்."

நான் தண்ணீர் குடித்தேன்.

"நீங்க ரெண்டு வரி எழுதிக் கொடுத்தா போதும். அங்க இருந்தவங்க நீங்க. ஆமாம், இப்படித்தான் நடந்ததுன்னு."

முழங்கால் வலி, அப்புறம் எழுதித் தருகிறேன் என்றேன். முழங்காலுக்கும் எழுதுவதற்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை.

ஏப்ரல் 20

இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

தெற்கே தேசியப் போட்டி. எங்களுக்கு இருபது வயது. வெள்ளைக்காரப் பெண்களுக்கு ஹோட்டல். எங்கள் நாலு பேருக்கும் மைதானத்துக்குப் பின்னால் சலவை அறையில் நாலு கட்டில். சாப்பாடு சமையலறைப் பின்கதவில், நின்றுகொண்டே. இரண்டாம் நாள் சாயங்காலம் ஒடெஸ்ஸா சொன்னாள்: "நாளைக்கு ரிலே. கோட்டுல போய் நிப்போம். துப்பாக்கி வெடிச்சதும் ஷூவைக் கழட்டிட்டு உட்காருவோம். நாலு பேரும். படம் எடுக்கட்டும்." ஜூவல் சிரித்தாள், பயத்தில். எர்லீன் முதலில் கையை நீட்டினாள். அதன்மேல் ஜூவல். அதன்மேல் நான்.

காலை ஆறு மணிக்கு அணி மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முதலில் என்னைத்தான். ஏன் என்னை? என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். "ஏதோ திட்டம் போடறீங்கன்னு காதுல விழுந்தது. யாரோட யோசனை?" சும்மா இருந்தேன். "உன் ஸ்காலர்ஷிப் தாள்ல கையெழுத்து என்னோடது. உங்கப்பா இரும்பு வார்ப்பாலையில வேலை பார்க்கறார் இல்ல? அந்த முதலாளி எனக்கு வேண்டியவர்."

ஒடெஸ்ஸா என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஒரே ஒரு சொல். என்ன திட்டம் என்று அவர் மேலே கேட்டபோது தலையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னேன். அவர் எனக்குக் காபி கொடுத்தார். பீங்கான் கோப்பையில், தட்டோடு. குடித்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான் திரும்பி வந்தபோது மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

எட்டு மணிக்கு எர்லீனைக் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம் உள்ளே இருந்தாள். கண் சிவந்து வெளியே வருவதை ஒடெஸ்ஸா பார்த்தாள். பத்து மணிக்கு ஒடெஸ்ஸாவை மைதானத்துக்குள்ளேயே விடவில்லை. அவள் வாசலில் உட்கார்ந்துவிட்டாள், ஓட்ட உடுப்போடு, மடியில் ஷூ. போலீஸ் தூக்கிக்கொண்டு போகும்வரை. அந்தப் படம்தான் இன்று எல்லாப் பள்ளிக்கூடத்திலும் தொங்குகிறது.

நாங்கள் மூன்று பேரும் ஓடினோம். அவளுக்குப் பதில் வேறொருத்தி. மூன்றாவதாக வந்தோம்.

ஒடெஸ்ஸாவுக்கு ஆயுள் தடை. அவள் ஓடியது அந்த வருஷத்தோடு சரி.

ஏப்ரல் 23

பயந்தேன், அதனால் சொன்னேன். அதை எனக்கு நானே எப்போதோ மன்னித்துவிட்டேன். இருபது வயது, அப்பாவின் வேலை. சரி.

அதற்கப்புறம்? அதற்கு என்ன சமாதானம்?

1983. ஒடெஸ்ஸாவின் சமையலறையில் நான் சங்கத்து நோட்டீஸ்களை மடித்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் எர்லீன் குரல். நெடுஞ்சாலைக்காக அவள் இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். முப்பது நாள் கெடு. "ஒடெஸ்ஸா, எனக்காகக் கேக்கல. என் மாமியார் படுத்த படுக்கையா இருக்கா. கோர்ட்டுல எங்களுக்காக ஒரு வார்த்தை பேசு."

"உனக்குத்தான் மேனேஜரைத் தெரியுமே. அவர்கிட்ட போய்க் கேளு" என்றாள் ஒடெஸ்ஸா.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள். ஊரில் எந்தக் குடும்பத்துக்காகவும் கோர்ட்டு வாசலில் நிற்பாள் அவள். நின்றிருக்கிறாள், பனியில், காய்ச்சலோடு. ஊருக்கெல்லாம் நியாயம் கேட்டவள் ஒருத்திக்கு மட்டும் செய்யவில்லை. அது என்னால். நான் தலை நிமிராமல் மடித்தேன்.

அந்த மாமியார் எங்கே, எப்படிச் செத்தாள்? நான் விசாரிக்கவே இல்லை.

ஏப்ரல் 29

இன்றைக்கும் தூணுக்குப் பக்கம் பார்க்காமல் வந்துவிட்டேன்.

மே 3. வியாழன்

ரோஷெல்லிடம் போனேன். சங்க ஆபீஸில் தனியாக இருந்தாள். அந்தப் பக்கத்தைப் போடாதே, எர்லீன் சொல்லவில்லை என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏன்னா நான்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டேன். ஐம்பத்தொரு வருஷம். கூரை இடிந்து விழவில்லை. ரோஷெல் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். திரும்பியபோது அவள் முகம் ஒடெஸ்ஸாவின் முகமாகவே இருந்தது, கூட்டம் நடத்தும்போது இருக்கும் முகம்.

"என் பிரசவத்துக்கு அம்மா ஊர்ல இல்ல. நீங்கதான் என் கையைப் பிடிச்சிட்டு இருந்தீங்க."

மேஜைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

"சரி. அந்தப் பக்கத்தை எடுத்துடறேன். யார் பேரும் வேண்டாம். இதோட விடுங்க. ஜூன் இருபத்தஞ்சாம் தேதி ஃபோர்ஜ் ஹில் குடியிருப்பை இடிக்கறதா வேண்டாமான்னு ஓட்டு. இருநூறு குடும்பம். எங்க கையில இருக்கறது அம்மா பேரு ஒண்ணுதான். அம்மா ஒரு அப்பாவியை அம்பது வருஷம் ஒதுக்கி வச்சாங்கன்னு மேடையில சொல்லப் போறீங்களா? அதுவும் அந்தக் கவுன்சிலர்கள் முன்னாடி?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் கஷ்டம்.

மே 4

நன்றாகத் தூங்கினேன். பேரை எடுத்துவிடுகிறாள், யாருக்கும் நஷ்டமில்லை, முடிந்தது.

காலையில் பல் தேய்க்கும்போது தெரிந்தது — எனக்கு நஷ்டமில்லை, அவ்வளவுதான். அவள் ஞாயிற்றுக்கிழமை தூணோரமேதான் உட்காரப் போகிறாள்.

மே 14. திங்கள்

எர்லீன் வீட்டுக்குப் போனேன். வலைக்கதவுக்குப் பின்னால் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னடி, வழி தப்பிட்டியா?"

உள்ளே விட்டாள். மேஜை முழுக்க கொலார்ட் கீரை. காம்பிலிருந்து இலையைக் கிழித்துப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரு என்று சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். காபிக் கோப்பை வரைக்கும் சொன்னேன்.

அவள் கை நிற்கவில்லை. இன்னும் நாலைந்து இலை கிழித்தாள்.

"நான் ஜூவல்னு நினைச்சேன்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"நான் சொல்லலைன்னு எனக்குத் தெரியுமே. அப்ப நீயா இருக்கணும், இல்ல ஜூவலா இருக்கணும். நீதான் ஒடெஸ்ஸா வீட்டுலயே கிடந்தியே, அவ வேலையெல்லாம் பார்த்துக்கிட்டு. அதனால ஜூவல்னு நினைச்சேன். அவ சாகக் கிடந்தப்ப ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன்னை மன்னிச்சுட்டேன் ஜூவல், நிம்மதியாப் போன்னு சொன்னேன். மூச்சு விட முடியாம எதுக்கு எர்லீன், எதுக்குன்னு கேட்டா. நடிக்கறான்னு நினைச்சேன்."

அப்போதுதான் கையை நிறுத்தினாள்.

"அந்த ஆள் ஒரு மணி நேரம் என்னை நிக்க வச்சான். எங்கம்மாவைச் சொல்லித் திட்டினான். நான் வாயைத் திறக்கல வெர்னெல். அதுக்கு முன்னாடியே அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. சும்மா வேடிக்கைக்கு நிக்க வச்சிருக்கான்."

மன்னிச்சுக்கோ என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஒடெஸ்ஸாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"கடைசியிலகூட?"

"இல்ல."

"அப்ப அவ என்னைத்தான் நினைச்சுக்கிட்டே செத்தா."

ஆமாம் என்றேன். அதற்குத்தான் அழுதாள். கீரைக் கையாலேயே கண்ணைத் துடைத்தாள். அவள் கிட்டே போக எனக்குத் தைரியம் வரவில்லை.

கீரைப் பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "எங்கிட்ட வந்து சொல்லி என்ன புண்ணியம்? நான் சொல்லலைன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ, ஈ வருது."

மே 15

தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு.

ஜூன் 2

ரோஷெல் என் பேச்சை அவளே எழுதி அனுப்பிவிட்டாள். இரண்டு பக்கம். "நாங்கள் நான்கு சகோதரிகள்" என்று ஆரம்பிக்கிறது. நல்ல பேச்சு. படித்தால் யாருக்கும் கண் கலங்கும்.

இருநூறு குடும்பம். ஒருபக்கம் இருநூறு குடும்பம், இன்னொரு பக்கம் ஒரு கிழவி. ஒடெஸ்ஸாவாக இருந்தால் என்ன செய்வாள்? ஐம்பது வருஷமாக எனக்கு இந்தக் கேள்விதான் பழக்கம். ஆனால் இதில் அவளிடம் கேட்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் அவளுக்கே விவரம் தெரியாது. நான்தானே மறைத்தேன்.

ஜூன் 10

ஃபோர்ஜ் ஹில்லில் ஒரு அம்மா என்னைக் கட்டிப்பிடித்து, "நீங்க பேசினா கவுன்சிலருங்க மனசு மாறும்" என்றாள். வீட்டுக்கு வந்து ரோஷெல்லின் தாளை இன்னொரு தடவை படித்தேன்.

ஜூன் 16. சனி

நல்ல வெயில். அறுநூறு பேராவது இருப்பார்கள். முன் வரிசையில் மேயர், கவுன்சிலர்கள். எர்லீன் வரவில்லை. வரிசை வரிசையாகத் தேடினேன்.

ரோஷெல்லின் தாளை எடுத்துக்கொண்டுதான் மேடை ஏறினேன். முதல் பத்தியை அப்படியே படித்தேன். பிறகு மடித்து வைத்துவிட்டேன். என்ன பேசினேன் என்பது முழுதாக நினைவில்லை. இவ்வளவு சொன்னேன் என்று நினைக்கிறேன்: எங்களைக் காட்டிக் கொடுத்தது எர்லீன் ஸ்டோவல் என்று இந்த ஊரில் எல்லோரும் நம்புகிறீர்கள். ஒடெஸ்ஸாவும் நம்பினாள். காட்டிக் கொடுத்தது நான். எர்லீன் ஒரு மணி நேரம் நின்றும் வாய் திறக்கவில்லை. எனக்கு ஐந்து நிமிஷம் போதுமாக இருந்தது. அதன் பிறகு நீங்கள் அவளோடு பேசாமல் இருந்ததை எல்லாம் நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஒடெஸ்ஸா அவளுக்காகக் கோர்ட்டுக்குப் போகாமல் இருந்ததும் என்னால்தான். ஒடெஸ்ஸா செய்த மற்ற எல்லாமும் உண்மை. அது குறையவில்லை.

யாரும் கத்தவில்லை. மைக் மட்டும் கரகரவென்று சத்தம் போட்டது. பின்னால் யாரோ ஒரு ஆம்பளை, "இறங்கிப் போம்மா" என்றான், மெதுவாகத்தான். பாஸ்டர் வந்து என் முழங்கையைப் பிடித்தார். இறக்கிவிடவா, தாங்கிப் பிடிக்கவா, தெரியவில்லை.

ரோஷெல் என்னைப் பார்க்கவே இல்லை. திரையை இழுத்தார்கள். ஒடெஸ்ஸாவின் பெயர் பெரிய எழுத்தில். கைதட்டல் கொஞ்சம் தாமதமாக வந்தது.

மீன் வறுவலும் உருளைக்கிழங்கு சாலடும் பரிமாறினார்கள். என்னிடம் யாரும் தட்டு நீட்டவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 17. ஞாயிறு

சர்ச்சில் என் வரிசையில் நான் மட்டும். தூணோரமும் காலி.

ஜூன் 26

நேற்று ஓட்டெடுப்பு. இடிக்க ஐந்து ஓட்டு, வேண்டாமென்று நாலு. இடிக்கிறார்கள். ஒரே ஒரு ஆறுதல்: ஒவ்வொரு குடும்பத்தையும் கோர்ட்டில் தனித்தனியாக விசாரிக்காமல் வெளியேற்ற முடியாது. அது ஒடெஸ்ஸா எழுபதுகளில் சண்டை போட்டு வாங்கிய சட்டம்.

சங்கத்திலிருந்து ஒருத்தி ஃபோன் செய்து, "அந்த ஒரு ஓட்டு உன்னாலதான் போச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. இதையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதுதான்.

ஜூலை 9

பாஸ்டர் மனைவி சொன்னாள்: ரோஷெல் நேற்று எர்லீன் வீட்டுக்குப் போனாளாம். அம்மா எழுதிய அந்தப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு. வாசற்படியில் ஒரு மணி நேரம் நின்றாளாம். எர்லீன் உள்ளேயிருந்து வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அப்புறம் கதவைத் திறந்துவிட்டாளாம். சாயங்காலம்தான் ரோஷெல் வெளியே வந்தாளாம்.

என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 20. திங்கள்

விழாவுக்கு வராமல் போன அந்தச் சிறு புத்தகம் தபால் பெட்டியில் கிடந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. ஒடெஸ்ஸாவின் அந்தப் பக்கத்தை ரோஷெல் போட்டிருக்கிறாள், பேரோடு. அதற்குக் கீழே அவளே எழுதியிருக்கிறாள்: "என் தாய் இதில் தவறிவிட்டார். ஐம்பது வருடம் தவறிவிட்டார். யாரோ மறைத்த உண்மையால் மட்டுமில்லை. அவர் எர்லீனிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை." அடுத்த பத்தியில் என் பெயர். இரண்டே வரி. சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்.

ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் என் தலையிலேயே போட்டுக்கொண்டிருந்தேன் — அதிலும் ஒரு சின்ன கர்வம் இருந்திருக்கிறது.

செப்டம்பர் 16

இப்போதெல்லாம் சர்ச்சில் எர்லீன் நடு வரிசையில் உட்காருகிறாள். இரண்டு பக்கமும் ஆட்கள். அவள் அவர்களோடு பெரிதாகப் பேசுவதில்லை. பேச அவளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை போல.

அக்டோபர் 11. வியாழன்

ஃபோர்ஜ் ஹில் குடும்பங்களின் விசாரணை ஆரம்பம். யாரும் கூப்பிடவில்லை. போனேன். கோர்ட்டு நடைக்கூடம் முழுக்கக் கூட்டம், குழந்தைகள் அழுகை. சங்கத்து மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு பெஞ்சு நடுவில் எர்லீன். எழுபத்தொரு வயதில். மடியில் பெயர்ப் பட்டியல். ரோஷெல் அவளிடம் குனிந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் இந்தக் கோடியில் சுவரோரம் நின்றேன். இரண்டு பேரும் பார்த்தார்கள். மறுபடி பட்டியலில் குனிந்தார்கள்.

பத்தரை மணி வாக்கில் ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை, கையில் விண்ணப்பத்தாள். எழுதித் தர முடியுமா என்று எர்லீனிடம் கேட்டாள். எர்லீன் தன் கண்ணாடியைத் தேடினாள், கிடைக்கவில்லை. பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள்.

"அதோ, சுவர்கிட்ட நிக்கறா பாரு. அவகிட்ட போ. எழுதிக் கொடுப்பா."

பதினோரு தாள் எழுதினேன். நாளைக்கும் விசாரணை இருக்கிறது. எட்டரைக்கே போய்விட வேண்டும்.